விளங்காமைப் படிவம்

அந்த மருத்துவமனையில் நான்கு வருடமாக எல்லா நோயாளிகளுக்கும் எல்லாமே புரிந்துகொண்டிருந்தது. பொத்தான்காரர் போய்த்தான் அதைக் கெடுத்தார்.

கெடுக்கவேண்டும் என்று அவர் போகவில்லை. முழங்காலுக்காகப் போனார். கடைவீதியில் ஒன்பதடி அகலத்தில், கூரைவரைக்கும் இழுப்பறை அடுக்கிய பொத்தான் கடை அவருடையது. சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், அமுக்குப் பொத்தான், கொக்கி, ஜிப்பு என்று நானூற்றுச் சொச்சம் இழுப்பறை. யார் வந்து எதைக் கேட்டாலும் அது மேல் வரிசையில்தான் இருக்கும். அது பொத்தானின் குணம். முப்பத்தோரு வருடம் முக்காலியில் ஏறி இறங்கியதில் இடது முழங்கால் மூட்டு தேய்ந்துபோனது. இப்போது ஒரு படி ஏறினாலும் உள்ளே யாரோ மணலை மெல்லுவதுபோல் சத்தம் கேட்டது.

அதனால் எட்டு மாதமாக முக்காலியில் ஏறுவது அவர் மனைவி. அவளுக்கு உயரம் ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறி, கையால் தடவி இழுப்பறையைத் திறப்பாள். போன மாதம் கால் தவறி, பித்தளைப் பொத்தான் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தாள். எலும்பு முறியவில்லை. எழுந்து உட்கார்ந்து தலையிலிருந்து நாலு பொத்தானை எடுத்துக் கல்லாமேல் வைத்துவிட்டு, "அடுத்த தடவை நான் மட்டும்தான் விழுவேன், சரக்கு விழாது, கவலைப்படாதீங்க" என்றாள்.

மறுநாளே பொத்தான்காரர் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார். வியாழக்கிழமை. இனி அவள் முக்காலியில் ஏறக்கூடாது என்பதற்கு மேல் அவருக்கு ஒரு ஆசையும் கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் படிவம் என்று ஒன்று உண்டு. பதினாலு பக்கம். அதைக் கையெழுத்து வாங்குவதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். ஊசி போடமாட்டாள், காய்ச்சல் பார்க்கமாட்டாள். நாள் முழுக்கக் கையெழுத்துதான். "படிச்சீங்களா புரிஞ்சுதா இங்க போடுங்க" என்பதை அவள் ஒரே சொல்லாகச் சொல்வாள். வந்தவர்களும் ஒரே இழுப்பாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

பொத்தான்காரர் படித்தார். அதுவே முதல் தவறு. ஒன்பதாவது விதி இப்படி இருந்தது: 'அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டும். ஏனைய மாத்திரைகளைத் தொடர வேண்டும். மாற்றிச் செய்வதால் ஏற்படும் விளைவுகளுக்கு மருத்துவமனை பொறுப்பாகாது.'

அவர் ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை சாப்பிடுகிறவர். அதில் நாலு பேரைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. வெள்ளை மாத்திரை இதய டாக்டர் எழுதியது, ரத்த அழுத்தத்துக்கு. மஞ்சள் மாத்திரை சர்க்கரை டாக்டர் எழுதியது, சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பாம். மஞ்சள் வந்த வாரத்திலிருந்து எழுந்து நின்றால் கடை ஒருமுறை சுற்றி வந்து நிற்கும். அதைச் சொன்னதற்குப் பொது டாக்டர் ரோஸ் மாத்திரை கொடுத்தார், தலைசுற்றலுக்கு. இந்த மூன்றில் எதை நிறுத்துவது? வெள்ளையை மட்டுமா, மஞ்சளையும் சேர்த்தா?

அந்த இடத்தில் அவருடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது. மொத்தச் சரக்கு வாங்கப் போனால், வியாபாரி சொல்லும் முதல் பேச்சுக்குத் தலையாட்டக் கூடாது என்பது அவர் அப்பா விட்டுப்போன சொத்து. அவன் என்ன சொன்னாலும் சரி, "விளங்கலையே" என்று ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். இரண்டாம் தடவை சொல்லும்போது கொஞ்சம் இறங்கி வருவான். மூன்றாம் தடவைதான் சரக்கில் என்ன பழுது என்று வெளியே வரும். முப்பத்தோரு வருடத்தில் அந்த ஒரு சொல் அவருக்குக் கொடுத்த லாபத்தை இழுப்பறைகூடக் கொடுத்ததில்லை.

"புரிஞ்சுதா இங்க போடுங்க" என்றாள் நர்ஸ்.

"விளங்கலையே" என்றார் பொத்தான்காரர்.

அவள் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. "என்ன சார்?"

"விளங்கலையேம்மா."

"புரிஞ்சுதுன்னுதானே சொல்றீங்க?"

"இல்ல. விளங்கலைன்னு சொல்றேன்."

அவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பாருங்க சார். 'புரிந்தது'ன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. இதைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"புரியாதவங்க வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அப்படி யாரும் வந்ததில்ல சார்."

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் சில்லறை இல்லாதவனைப் பார்க்கிற பார்வை.

நர்ஸ் அவரை மூட்டு டாக்டரிடம் அனுப்பினாள். மூட்டு டாக்டர் கெட்டிக்காரர். மேசைமேல் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று வைத்திருந்தார். அதை மடக்கி, நீட்டி, பிரித்து, எங்கே வெட்டுவார், எதை எடுப்பார், எதை வைப்பார், எத்தனை நாளில் நடக்கலாம் என்று ஏழு நிமிடத்தில் அழகாகச் சொல்லி முடித்தார். மூட்டு விஷயத்தில் பொத்தான்காரருக்கு அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

"அது விளங்குச்சு டாக்டர். ஒன்பதாவதுல அழுத்த மாத்திரைன்னு போட்டிருக்கே, என்கிட்ட அது எது?"

டாக்டர் முகம் வாடியது. "நான் மூட்டு. மூட்டுக்கு நாலு விரல்கடை மேல போனா அது வேற டிபார்ட்மெண்ட். எழுதினவங்களைக் கேளுங்க."

இதய டாக்டர் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "வெள்ளை என்னோடது. மஞ்சள் என்னோடது இல்ல. இன்னொரு டாக்டரோட மாத்திரையைப் பத்தி நான் ஏதாவது சொன்னா மரியாதையா இருக்காது."

சர்க்கரை டாக்டர் சொன்னார்: "மஞ்சள் கிட்னிக்கு. பிரஷருக்கு இல்ல. பிரஷரும் குறையும், அது அதோட சுபாவம். ஆனா நான் அதுக்காகத் தரல. என் நோக்கம் வேற."

"மாத்திரைக்கு உங்க நோக்கம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார் பொத்தான்காரர். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சர்க்கரை டாக்டர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பொது டாக்டர் ஒருவர்தான் அவரை முழுசாக நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் தலைசுத்துதா? அப்ப ரோஸை ரெண்டு வேளை ஆக்கிடலாம்."

இப்படி வியாழக்கிழமை போனது. ஆபரேஷன் தேதியும் அதோடு போனது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆமாம் சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சா போயிடும்?"

"முப்பது வருஷம் முன்னாடி ஒரு தடவை உன்கிட்ட சொன்னேனே. அதுக்கே இன்னும் விளக்கம் கிடைக்கல."

"ரொம்ப நல்லது. அந்த வாய் உங்களுக்கு. ஏறுறது நான்." அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். வாடிக்கையாளர் கேட்டது ஊதா நிறக் கோட்டுப் பொத்தான், மேலிருந்து இரண்டாம் வரிசை. பொத்தான்காரர் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தலை சுற்றியது. முக்காலியை அவர் பிடித்திருந்தாரா, அது அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

அடுத்த வாரம் புரிதல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது.

அப்படி ஒரு பிரிவு இருப்பது மருத்துவமனையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நாலாவது மாடி, லிஃப்ட் மூன்றோடு நின்றுவிடும். மூட்டு தேய்ந்த மனிதர் கைப்பிடியைப் பிடித்து ஒரு மாடி ஏறிப் போனார். உள்ளே குளிர்ந்த அறை. சுவரில் நாலு கேடயம், ஒவ்வொன்றிலும் 'நூறு சதவீதப் புரிதல்' என்று வருடம் போட்டு எழுதியிருந்தது. ஐந்தாவது கேடயத்துக்கு ஆணி மட்டும் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

புரிதல் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். வெளுத்த சட்டை, நிதானமான குரல். "உக்காருங்க ஐயா. உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப ஆவலா இருந்தேன். எங்க நிறுவனத்தோட உயிர்மூச்சே நோயாளியோட புரிதல்தான். நாலு வருஷத்துல ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரம் பேர். ஒருத்தர்கூடப் புரியலைன்னு சொன்னதில்ல. எப்படி முடிஞ்சுதுன்னு வெளியூர்லருந்தெல்லாம் வந்து கேக்குறாங்க."

"எப்படிங்க முடிஞ்சுது?"

"முன்னாடி ரெண்டு கட்டம் இருந்தது. புரிந்தது, புரியவில்லை. ஜனங்க குழம்பிப் போனாங்க. ஒண்ணை எடுத்தோம். குழப்பம் தீர்ந்துபோச்சு." அவர் மேசைமேல் கையைக் கோத்துக்கொண்டார். "இப்ப நீங்க. உங்களால எங்களுக்கு நூறு, தொண்ணூத்தொன்பது புள்ளி தொண்ணூத்தொன்பது ஆகும். நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அந்த ஆணியைப் பாருங்க."

பொத்தான்காரர் ஆணியைப் பார்த்தார். நல்ல ஆணிதான்.

"எனக்குக் கேட்கவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. இந்த வெள்ளையும் மஞ்சளும்..."

"கேள்விக்கு இங்க பதில் சொல்லமாட்டோம்" என்றார் அதிகாரி, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. "நாங்க புரிதல். விளக்கம் வேற பிரிவு. அது ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டாங்க, யாரும் வரலைன்னு. நீங்க வகுப்புக்கு வாங்க. மூணு நாள். நாலாவது நாள் பரீட்சை. பாஸானா புரிஞ்சுதுன்னு அர்த்தம்."

வகுப்பில் எட்டுப் பேர். புரியவில்லை என்று சொல்லி வந்தவர் பொத்தான்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் படிவத்தில் கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டதற்காக அனுப்பப்பட்டவர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு கண்டக்டர். பஸ்ஸில் நின்று நின்றே வாழ்க்கை போனதில் காலில் நரம்பு சுருண்டு, அது போகச் சர்க்கரை, அது போக வயிற்றில் ஏதோ. மடியில் ஒரு துணிப்பை நிறைய மாத்திரை. கை வைத்தால் சலசலக்கும்.

திரையில் படம் ஓடியது. சிரிக்கிற சிறுநீரகம் ஒன்று கை கால் முளைத்து வந்து, 'நான் உங்கள் நண்பன்' என்றது. அதற்குப் பின்னால் ஈரலும் வந்து கை குலுக்கியது. இப்படி நாற்பது நிமிடம். பாடம் எடுத்த பெண், "சந்தேகம் எல்லாம் கடைசியில" என்றாள். கடைசியில் டீ வந்தது. டீக்குப் பிறகு நேரம் முடிந்திருந்தது.

"அண்ணே, புதுசா?" என்று கேட்டார் கண்டக்டர், டீயை ஊதிக்கொண்டே.

"ஆமா. உங்களுக்கு?"

"எனக்கு இது மூணாவது ஆபரேஷன். ரொம்ப ஈசிண்ணே. எது கேட்டாலும் ஆமாம்னு சொல்லிடணும். அலர்ஜி இருக்கான்னு கேட்டா மட்டும் இல்லைன்னு சொல்லணும். நீங்க ஏன் வீணா வாயைக் கொடுத்தீங்க?"

"முன்ன ரெண்டு ஆபரேஷன்ல என்ன பண்ணாங்க?"

"முதல்ல கால் நரம்பு. ரெண்டாவது வயித்துல." அவர் சட்டையை லேசாகத் தூக்கி ஒரு தழும்பைக் காட்டினார். "என்ன எடுத்தாங்கன்னு தெரியல."

"கேக்கலையா?"

"கேட்டா திருப்பி வச்சிடுவாங்களோன்னு விட்டுட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பொத்தான்காரரும் சிரிக்கவில்லை. துணிப்பை மட்டும் கொஞ்சம் சலசலத்தது.

நாலாம் நாள் பரீட்சை. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. 'மருந்துகளை யாருடைய ஆலோசனைப்படி உட்கொள்ள வேண்டும்? அ. மருத்துவர். ஆ. பக்கத்து வீட்டுக்காரர். இ. கடைக்காரர். ஈ. யாருமில்லை.' இந்த மாதிரி பத்து. பொத்தான்காரர் பத்துக்குப் பத்து வாங்கினார். வாங்கிவிட்டு, தாளின் அடியில் காலியாக இருந்த இடத்தில், கடைச் சீட்டு எழுதுகிற அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதினார்: 'இன்னும் விளங்கவில்லை.'

அன்று மத்தியானம் நாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடந்தது. படிக்காதவனுக்குப் புரியவில்லை என்றால் சொல்லிக்கொள்ளலாம். நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்குப் புரியவில்லை என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடைசியில் ஒரு குழு கூடுவதென்று முடிவானது. மூட்டு, இதயம், சர்க்கரை மூவரும் வருவார்கள், அதிகாரி தலைமை. பொது டாக்டரை அழைக்கவில்லை. பொது என்றால் எதுவுமில்லை என்று ஒரு கருத்து அங்கே நிலவியது.

குழுவுக்கு முந்தின நாள் கடையில் கூட்டமில்லை. பொத்தான்காரர் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார். கல்லாமேல் வெள்ளை மாத்திரை அட்டையும் மஞ்சள் மாத்திரை அட்டையும் கிடந்தன. வெறுமனே கை அரித்தது. ஒவ்வொன்றாக உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

பொத்தான் வியாபாரிக்குக் கண்ணைவிட விரல் நம்பகமானது. ஒரே அச்சில் வார்த்த பொத்தானை ஒரு கம்பெனி வெள்ளைச் சாயத்தில் முக்கி ஒரு பெயரில் அட்டை போடும். இன்னொரு கம்பெனி மஞ்சளில் முக்கி இன்னொரு பெயர் போடும். வாங்குகிறவன் இரண்டும் வேறு என்று சத்தியம் செய்வான். விரல் சொல்லிவிடும். இந்த இரண்டு மாத்திரைக்கும் விளிம்பு ஒன்று, நடுவில் கீறிய கோடு ஒன்று, கனமும் ஒன்று.

அச்சு ஒன்றானால் சரக்கும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது; வியாபாரிக்கு அதுவும் தெரியும். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நூல் துளை பார்க்க வைத்திருப்பது. அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஆளுக்கொரு பெயர். பின்பக்கம், எறும்பு ஊர்ந்தமாதிரி பொடி எழுத்தில் இன்னொரு பெயர். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. ஆனால் ஜோடி சேர்க்க வரும். பொத்தானுக்குப் பொத்தான் வைத்துப் பார்ப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தார். பதினோரு எழுத்து. பதினொன்றும் ஒன்று.

"என்ன, சாமி ஏதும் தெரியுதா அதுல?" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுடி."

அவள் வந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்ப நீங்க ஆறு மாசமா ஒரே மாத்திரையை ரெண்டு பேர்ல சாப்பிட்டிருக்கீங்க."

"அதான் தலை சுத்தியிருக்கு."

"அந்தச் சுத்தலுக்குத்தான் ரோஸா?"

"அதான் ரெண்டு வேளை."

அவள் கண்ணாடியைக் கல்லாமேல் வைத்துவிட்டு, இரண்டு அட்டையையும் எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

மருத்துவமனை மருந்துக் கவுண்டரில், ஒரு முழ அகல ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மருந்தாளுநர் அம்மாவிடம் இரண்டு அட்டையையும் குப்புறப் போட்டுக் காட்டினார். அவள் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "ரெண்டும் ஒரே மருந்துதான் சார். பிரஷர் மாத்திரைதான். சட்டைதான் வேற."

மூன்று வாரமாக நாலு மாடி ஏறித் தேடியது ஜன்னலில் கிடைத்தது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாயி?"

"கேட்டவங்க யாரு சார்? சீட்டை நீட்டுவாங்க, பையை வாங்குவாங்க, போவாங்க. இப்பவும் நான் சொன்னது விளக்கமாகாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

குழு கூடியது. நீள மேசை, நாலு தண்ணீர் பாட்டில். பொத்தான்காரருக்குத் தண்ணீர் இல்லை. அவர் விஷயம், உறுப்பினர் அல்ல. மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி எழுந்து பேசினார். "நோயாளி எங்க கூட்டாளி. அவர் புரிஞ்சுக்கிட்டாத்தான் நாங்க நிம்மதியா பொறுப்பில்லாம இருக்க முடியும்." சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார், வாக்கியத்தில் ஏதோ இடறியதுபோல் இருந்தது. யாருக்கும் இடறவில்லை என்று தெரிந்ததும் தொடர்ந்தார்.

மூட்டு டாக்டர், "மூட்டு தயார். நான் ரெடி" என்றார். அவர் மூன்று வாரமாக ரெடி.

பொத்தான்காரர் ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரித்தார்; கடையில் மாதிரி காட்ட விரிப்பது. அதன்மேல் இரண்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் பூதக்கண்ணாடி. "பின்பக்கம் பாருங்க. வெள்ளையும் மஞ்சளும் ஒரே சரக்கு. நான் ரெட்டைப் பங்கு சாப்பிட்டுட்டு இருக்கேன். ஒண்ணு போதுமா, எது இருக்கணும், ஆபரேஷனுக்கு முதல்நாள் எது நிக்கணும். அவ்வளவுதான் கேள்வி."

இதய டாக்டர் கண்ணாடி வழியே பார்த்தார். சர்க்கரை டாக்டர் பார்த்தார். ஒருவரையொருவர் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில் பதினொரு வருடம், ஒரே மாடி.

"உங்க மாத்திரை இருக்குன்னு எனக்குத் தெரியாது டாக்டர்" என்றார் இதயம்.

"உங்களோடது சீட்டுல வேற பேர்ல இருந்தது டாக்டர்" என்றார் சர்க்கரை.

"தப்பில்ல டாக்டர்."

"தப்பே இல்ல டாக்டர்."

இருவரும் ஒரே நேரத்தில் அவரவர் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தட்டினார்கள். "சரி பண்ணியாச்சு" என்றார் இதயம். "நானும் பண்ணிட்டேன்" என்றார் சர்க்கரை. மூட்டு டாக்டர் தேதி போட்டார்: வருகிற வியாழன்.

பொத்தான்காரர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "நான் சொன்னது உங்களுக்கெல்லாம் விளங்குச்சா?"

"ஆமாம்" என்றார்கள் நாலு பேரும், ஒரே மூச்சில்.

பேரம் இல்லாமல் வருகிற ஆமாம் எப்படி ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும். சரக்கைப் பார்க்காமல் வாங்கிப் போகிறவன் அப்படித்தான் சொல்வான். மறுநாள் திருப்பிக் கொண்டுவருவான்.

புதுச் சீட்டோடு மருந்து ஜன்னலுக்குப் போனார். மருந்தாளுநர் அம்மா சீட்டைப் பார்த்தாள். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தாள். திரும்பப் புதியதைப் பார்த்தாள்.

"சார், வெள்ளையை இதய டாக்டர் எடுத்துட்டார், மஞ்சள் இருக்கேன்னு. மஞ்சளைச் சர்க்கரை டாக்டர் எடுத்துட்டார், வெள்ளை இருக்கேன்னு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டும் போயிடுச்சு."

"அப்ப பிரஷருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ரோஸ்?"

"ரோஸ் இருக்கு. ரெண்டு வேளை. 'தொடர்ந்து'ன்னு போட்டிருக்கு."

பொத்தான்காரர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை தலை சுற்றலினால் அல்ல.

மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கையெழுத்து நர்ஸ் இருந்த கூடத்துக்கு அழைத்துப்போனாள். பெஞ்சு நிறைய ஆள். கண்டக்டரும் இருந்தார், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கும் வியாழக்கிழமைதான் தேதியாம். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வந்தது வரட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டு, உள்ள போய்ப் பார்த்துக்கலாமா?" என்றார் பொத்தான்காரர் மனைவியிடம். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் குரலில் பேரம் இல்லை. "இன்னொரு தேதிக்கு எத்தனை நாள் ஆகுமோ. நீ மறுபடி ஏறணும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எட்டு மாசமா கண்ணை மூடிட்டு ஏறுறேன். அதுல என்ன பயம்னு எனக்குத் தெரியும். நீங்க அப்படிப் போய்ப் படுக்க வேணாம்."

நர்ஸ் பதினாலு பக்கத்தை நீட்டினாள். "படிச்சீங்களா புரிஞ்சுதா இங்க போடுங்க."

"விளங்கலையே" என்றார் பொத்தான்காரர்.

இந்தத் தடவை அவள் பேனா நிற்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து புத்தம்புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'விளங்காமைப் படிவம்'. கிழித்து எடுக்க ஓரத்தில் துளைக்கோடு. "உங்களுக்காகத்தான் சார் அச்சடிச்சாங்க. இதுல எழுதினவங்களைப் 'புரிந்துகொண்டிருப்பவர்'ன்னு தனியா வச்சிடுவாங்க. கணக்குல வராது. மேல அஞ்சாவது கேடயம்கூட மாட்டிட்டாங்க."

"பதில் எப்பம்மா வரும்?"

"அது தெரியல சார். படிவம் நேத்துதான் வந்தது."

அவர் புத்தகத்தை முழங்கால்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். 'எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதற்கு இப்போது மாத்திரை இல்லை.' எழுதி, ஓரத்துக் கோட்டோடு, அட்டையிலிருந்து பொத்தான் பிரிக்கிற நிதானத்தோடு கிழித்தார்.

பக்கத்தில் சலசலப்பு கேட்டது. கண்டக்டர் துணிப்பையைக் கீழே இறக்கி வைத்திருந்தார். வயிற்றில் தழும்பு இருந்த இடத்தைச் சட்டைக்கு மேலாகத் தடவிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அண்ணே. அதுல எனக்கொண்ணு கிழிங்க."

அவருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளும் கையை நீட்டினாள். அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கை.

"சில்லறையா வேணுமா, மொத்தமாவா?" என்று கேட்டார் பொத்தான்காரர், பழக்கதோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. அவர் பெஞ்சின் கோடி வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தை அப்படியே எடுத்துக் கண்டக்டர் மடியில் வைத்தார்.